முப்பத்தொரு கைகள்

மும்பை செம்பூரில் ஒரு பல்கலைக்கழகம் ஆராய்ச்சிக்காக மூன்று கார்களை வாங்கியபோது, மூன்று ஆட்களையும் ஆறு மாத ஒப்பந்தத்தில் எடுத்தது. கார் தானாக ஓடும். ஆள் ஓட்டுநர் இருக்கையில் சும்மா உட்கார்ந்திருந்து, ஆபத்து என்றால் மட்டும் பிரேக்கை மிதிக்க வேண்டும். மிதித்த ஒவ்வொரு முறையும் ஏன் என்று எழுத வேண்டும். மூவரில் ஒருத்தி தாராவி ஜான்சி.

அவள் வீட்டில் முதல் பட்டதாரி. பி.எஸ்சி. இயற்பியல். ஆனால் வேலை வாங்கித் தந்தது பட்டமல்ல, டாக்சி ஓட்ட எடுத்த லைசன்ஸ். நினைத்தால் அவளுக்கே சிரிப்பு வரும். சில நாள் வராது.

"ஏட்டி, வண்டி தானா ஓடும்னா ஒன்ன எதுக்கு உள்ள வச்சிருக்காவ? ஏசி காத்து வாங்கவா?" என்பான் அண்ணன் இசக்கிப்பாண்டி.

"ஒன்ன மாதிரி ஆளு குறுக்க வந்தா காப்பாத்தத்தான்."

மும்பையில் சாலையைக் கடக்க யாரும் வண்டி ஓயும்வரை காத்திருப்பதில்லை. வருகிற வண்டிக்கு உள்ளங்கையைக் காட்டுவார்கள், இறங்கிவிடுவார்கள். சிலர் போனில் பேசிக்கொண்டே, வண்டியைப் பார்க்காமலே. காருக்கு ஆள் தெரிந்தது, கை தெரியவில்லை. ஓரத்தில் நிற்பவர் அங்கேயே நிற்பார் என்று கணக்குப் போட்டு வேகம் குறையாமல் போனது. ஜான்சி மிதித்தாள். ஒரே வாரத்தில் முப்பத்தொரு முறை.

இன்னும் நான்கு கார் வாங்கலாமா என்று பல்கலைக்கழகக் குழு முடிவெடுக்கும் நாள் நெருங்கியது. மாட்டுங்காவிலிருந்து வரும் ஆய்வாளர் கௌசிக் அவள் அறிக்கையோடு வந்தார்.

"முப்பத்தொண்ணு ரொம்ப ஜாஸ்தி, ஜான்சி. மத்தவா நாலு, அஞ்சுன்னு எழுதியிருக்கா. கார் தானே நின்னிருக்கும். நீங்க பழக்கத்துல பிரேக் அடிச்சுட்டேள். ஆறுன்னு மாத்திக் கையெழுத்துப் போடுங்கோ. நாலு கார் வந்தா உங்க கான்ட்ராக்ட்டும் நீளும்."

பேனாவை எடுத்தாள். ஒருவேளை அவர் சொல்வதுதான் சரியோ? படித்தவர். நான்தான் பயந்து மிதித்தேனோ? பேனாவைக் கீழே வைத்தாள்.

"தானே நின்னிருக்கும்னு சொல்லுதீங்களா சார்?"

"ஆமா."

"அப்ப வாங்க. ஓரத்துல நின்னு கையக் காட்டிட்டு எறங்குங்க. நான் உள்ள இருக்கேன். பிரேக்குல கால வைக்க மாட்டேன்."

"விளையாடறேளா? அந்த மாதிரி சோதனைக்குப் பொம்மை இருக்கு."

"பொம்ம நம்பி எறங்காது சார். மனுசந்தான் எறங்குவான்."

கௌசிக்கின் முகம் சிவந்தது. விடுவிடுவென்று வளாகச் சாலைக்கு வந்து ஓரத்தில் நின்றார். ஜான்சி உட்கார்ந்திருந்த கார் வந்தது. கையைத் தூக்கினார். காரின் சத்தம் மாறவேயில்லை. அவர் கால் தரையை விட்டு எழவில்லை. கார் அவரைத் தாண்டிப் போன பிறகும் கை தூக்கியபடியே இருந்தது.

பிரேக்கில் கால் வைக்க மாட்டேன் என்றது பொய். வைத்துத்தான் இருந்தாள்.

இறங்கி வந்து, காரின் மேல் தாளை வைத்து, முப்பத்தொன்றுக்குக் கீழே கையெழுத்துப் போட்டாள்.

"கான்ட்ராக்ட் பத்தி நான் ஒண்ணும் சொல்ல முடியாது" என்றார் கௌசிக்.

"நான் கேக்கலியே சார்."

நான்கு கார் வரவில்லை. ஒப்பந்தமும் நீளவில்லை.

"ஏசி காத்தும் போச்சா?" என்றான் இசக்கிப்பாண்டி.

"போவட்டும்ண்ணே. முப்பத்தோரு பேரும் முழுசா வீட்டுக்குப் போயிருக்காவல்லா."