ஃபாரம் அக்கா எல்லை தாண்டிய நாள்

எல்லைச் சாவடிக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருந்தவளை எல்லாரும் ஃபாரம் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். போட்டோ எடுப்பாள், படிவம் நிரப்பித் தருவாள். பதினாறு வருஷமாக அவள் எழுதிக் கொடுத்த காகிதத்தோடு எத்தனையோ பேர் அந்தப் பக்கம் போனார்கள். ஆனால் லாரிக்காரர்களுக்கும் வியாபாரிகளுக்கும்தான் அனுமதி. உறவைப் பார்க்கப் போகிறவர்களுக்குக் கிடையாது. அங்கே வாக்கப்பட்டுப் போன தங்கையை அவள் நேரில் பார்த்து ஒன்பது வருஷம்.

அந்த வாரம்தான் உறவுக்காரர்களையும் விடப்போவதாக அறிவிப்பு வந்தது. வாரத்தில் ஒரே நாள், மூன்று மணிக்குக் கவுண்டரை மூடிவிடுவார்கள். ஷட்டரை இழுத்துப் பூட்டிவிட்டு முதல் ஆளாக வரிசையில் போய் நின்றாள். நிற்க விட்டால்தானே?

"அக்கா, இந்தக் கட்டத்துல என்ன எழுதணும்?"

"அக்கா, கையெழுத்து மேலயா கீழயா?"

முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை. ஒவ்வொருவருக்காக எழுதிக் கொடுத்து நிமிர்ந்தபோது வரிசையின் வாலில் நின்றாள்.

கவுண்டரை எட்டும்போது மணி இரண்டே முக்கால். ரேகை மெஷினில் கட்டைவிரலை வைத்தாள். சிவப்பு விளக்கு. துடைத்துவிட்டு வைத்தாள். மறுபடியும் சிவப்பு.

"உங்களை எனக்குத் தெரியும். மெஷினுக்குத் தெரியலையே" என்றார் அதிகாரி.

"பேப்பர் புரட்டிப் புரட்டி ரேகை தேஞ்சு போச்சு சார்."

"ஓரமா நில்லுங்க. அடுத்தது யாரு?"

பக்கத்து வரிசை லாரி டிரைவர் தன் டீ கிளாஸை நீட்டினார்.

"இதை இறுக்கிப் பிடிங்கக்கா. கை சூடானா ரேகை தெரியும். எனக்கும் இதே தொல்லைதான்."

சூடு பொறுக்க முடியாமல் போகும்வரை பிடித்திருந்துவிட்டு மறுபடி கவுண்டருக்கு ஓடினாள்.

"இதான் கடைசி" என்றார் அதிகாரி.

பச்சை! முத்திரை விழுந்த சத்தம் கேட்டதும் பையைத் தூக்கிக்கொண்டு பாய்ந்தாள்.

"ஓடக் கூடாதும்மா!" என்று காவலாளி கத்தினார். இரண்டு சாவடிகளுக்கும் நடுவே அரை கிலோமீட்டர். அத்தனை தூரத்தையும் ஓட்டமுமில்லாத நடையுமில்லாத ஒரு வேகத்தில் கடந்தாள். சிரிப்பை அடக்க முடியவில்லை.

"எதுக்கு வர்றீங்க?" என்று கேட்டார் அந்தப் பக்கத்து அதிகாரி.

இதற்கு என்ன பதில் சொல்ல வேண்டும் என்று நூற்றுக்கணக்கான பேருக்குச் சொல்லிக் கொடுத்தவள்தான். இப்போது வந்தது ஒரே ஒரு சொல்தான். "தங்கச்சி..." என்றாள்.

அவர் ஜன்னல் பக்கம் கைகாட்டினார். "அதோ, மஞ்சள் குடையா? காலையிலேருந்து 'எங்க அக்கா வந்தாச்சா, வந்தாச்சா'ன்னு எங்க உயிரை வாங்கிட்டு நிக்குது. சீக்கிரம் கூட்டிட்டுப் போங்கம்மா!"

அவள் வெளியே வந்ததும், தடுப்புக் கயிற்றுக்கு அப்பால் அந்த மஞ்சள் குடை கீழே விழுந்தது.

"அக்கா! என்னக்கா இப்படி இளைச்சுட்ட?"

"நீதான்டி பூசணிக்காய் மாதிரி ஆயிட்ட!"

கட்டிப்பிடித்தபடியே இருவரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். தங்கையின் எட்டு வயது மகள், போனில் மட்டுமே பார்த்திருந்த பெரியம்மாவின் பையை இழுத்து, "பஸ் போகுது, பஸ் போகுது" என்று கத்தினாள். இருவர் காதிலும் அது விழவே இல்லை.