டென்ஷன் பத்தலீங்க

செஞ்சியில் கம்பளிப் போர்வை தைப்பவனைப் பார்த்து ஊர் சிரிக்காமல் இருந்தால்தான் அதிசயம். பங்குனி பிறந்துவிட்டால் எங்கள் தெருக் குழாயில் காலை எட்டு மணிக்கே சுடுதண்ணீர் வரும். மலையிலுள்ள பாறைகளெல்லாம் பகல் முழுக்க வெயிலைக் குடித்துவிட்டுப் பொழுது சாய்ந்ததும் அதை எங்கள் மேல் கொப்பளிக்கும். அப்படிப்பட்ட ஊரில், ஐம்பதைத் தொட்ட நான், பஸ் ஸ்டாண்டுப் பக்கம் கடை போட்டுக் கல்யாணப் பத்திரிகையும் கண்ணீர் அஞ்சலியும் அடித்துக்கொடுக்கிற நான், மடி நிறைய உல்லன் கட்டங்களை வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தேன்.

"இன்னாண்ணே, ஊட்டிக்கு ஊடு மாத்திகினு போறீங்களா?" என்றாள் எதிர்வீட்டுக்காரி.

ஊட்டிக்கு இல்லை. திண்டிவனத்தில் ஓர் அறைக்கு.

இரண்டு வருடமாகச் செவ்வாயும் வெள்ளியும் என் மனைவி அந்த அறையில் நான்கு மணி நேரம் படுத்திருக்கிறாள். அவளுடைய சிறுநீரகங்கள் இரண்டும் வேலையை நிறுத்திவிட்டன. அந்த வேலையை ஒரு மெஷின் செய்கிறது. ரத்தத்தை வெளியே எடுத்து, கழுவி, உள்ளே அனுப்புகிறது. "எல்லா பொம்பளைக்கும் செவ்வா வெள்ளி தலைக்கி ஊத்திக்கிற நாளு. எனக்கு ரத்தத்துக்கு ஊத்தற நாளு" என்பாள். மெஷினுக்குச் சூடு ஆகாதாம். ஏசியை அப்படி வைத்திருப்பார்கள். வெளியே போன ரத்தம் திரும்பும்போது கொஞ்சம் ஆறிப்போய்த்தான் வரும். அங்கே தருகிற பச்சை பெட்ஷீட் பெயருக்குத்தான் போர்வை. செஞ்சி வெயிலில் வெந்து, பஸ்ஸில் வியர்த்துக் கொட்டி, அந்தக் கட்டிலில் ஏறிய பத்தாவது நிமிடம் அவளுக்குப் பல் கிட்டித்துவிடும்.

அதனால்தான் போர்வை. ஃபேன்சி ஸ்டோரில் உல்லன் நூலும், நுனியில் கொக்கி வைத்த குரோஷா ஊசி ஒன்றும் வாங்கிவந்து, செல்போனில் ஒரு அம்மா சொல்லிக்கொடுப்பதைப் பார்த்துப் பார்த்து அவளே பின்ன ஆரம்பித்தாள். நடுவில் ஒரு வளையம், அதைச் சுற்றி ஒரு வரிசை, அதைச் சுற்றி இன்னொன்று. ஒரு சாண் அகலம் வந்ததும் நிறுத்திவிட வேண்டும். அது ஒரு கட்டம். ஆறுக்கு எட்டு, நாற்பத்தெட்டு கட்டம் சேர்ந்தால் போர்வை. வயர் கூடை போட்ட கை அவளுடையது. முப்பத்தோரு கட்டம் முடித்தாள். ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிவைத்தால் அச்சில் அடித்த மாதிரி இருக்கும்.

பிறகு அவளுடைய இடது முன்கையில் ஆபரேஷன் செய்து இரண்டு ரத்தக் குழாய்களை ஒன்றோடொன்று இணைத்தார்கள், மெஷினின் ஊசி போட வாகாக. அந்த இடத்தில் விரலை வைத்தால் உள்ளே கிர்ரென்று ஓடும். "கிரைண்டர் போட்டாச்சு, மாவு ஆட்ட வேண்டியதுதான்" என்றாள். அந்தக் கையில் குடம் தூக்கக் கூடாது, தலைக்கு வைத்துப் படுக்கக் கூடாது, வளையல் போடக் கூடாது. கல்யாண வீடு ஒன்றில், "இன்னாடி, ஒரு கைய மூளியா வுட்டிருக்க?" என்று ஒருத்தி கேட்டாளாம். "எங்க ஊட்டுக்காரரு பாதி நாளுதான் ஊட்ல இருக்காரு, அதான்" என்று சொல்லிவிட்டு வந்தாள். பஸ்ஸில் இதை என்னிடம் சொல்லிச் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

பின்னலில் வலது கை ஊசியைப் பிடிக்கும். நூலை இழுத்துப் பிடிப்பது இடது கை. அந்தக் கைதான் இப்போது மெஷினுக்கு என்று ஆகிவிட்டது. இரண்டு வரிசை போடுவதற்குள் விரல்கள் ஜில்லிட்டு மரத்துப்போயின. ஒருநாள் நூல் டப்பாவை என் பக்கம் தள்ளினாள்.

"நீங்கதான் சும்மா உக்காந்துனு இருக்கீங்களே அங்க."

சும்மாதான் உட்கார்ந்திருந்தேன். வெயிட்டிங் ஹாலில் ஒரு இரும்பு பெஞ்ச் உண்டு. அதன் ஒவ்வொரு ஓட்டையும் என் முதுகுக்குத் தெரியும். நான் கவிதை மாதிரி ஏதோ எழுதுகிறவன். அந்த பெஞ்சில் ஒரு வரிகூட எழுத வந்ததில்லை. கால் ஆடிக்கொண்டே இருக்கும். எழுந்து போய் டீ குடிப்பேன், வந்து உட்காருவேன், மறுபடி எழுந்திருப்பேன். ஊசி கைக்கு வந்ததும் கால் நின்றது. ஆனால் நான் போட்ட கட்டங்கள் ஒன்றுக்கொன்று ஒட்டாமல், தொளதொளவென்று வந்தன. தம்பியைக் கூட்டிக்கொண்டு அவலூர்பேட்டையிலிருந்து வரும் ஒரு அம்மா, தொழுகைக்கு முக்காட்டைச் சரிசெய்துகொண்டே எட்டிப் பார்த்தார்.

"இன்னாண்ணே, மீன் புடிக்கிற வலையா?"

"போர்வைம்மா."

"அண்ணிக்குக் காத்து வரணும்னு ஓட்ட ஓட்டயா போடுறீங்களா? நல்ல மனசு."

பதினேழு கட்டம் அப்படியே போட்டேன்.

நாற்பத்தெட்டும் முடிந்த வியாழக்கிழமை, கடையை மூடிவிட்டு வந்து களைத்து உட்கார்ந்திருந்தேன். அன்று ஒரு காதுகுத்துப் பத்திரிகையில் தாய்மாமன் பெயரை விட்டுவிட்டேன். தாய்மாமனே நேரில் வந்து கத்திவிட்டுப் போயிருந்தார். மறுநாள் வெள்ளிக்கிழமை. மறுபடி பஸ், மறுபடி பெஞ்ச். அவள் கட்டிலில் கட்டங்களைப் பரப்பி, என்னுடையதை எடுத்து அவளுடையதின் மேல் வைத்துப் பார்த்தாள். என்னுடையது நான்கு பக்கமும் பிதுங்கியது.

"டென்ஷன் பத்தலீங்க" என்றாள். "உங்களுக்கு டென்ஷனே இல்ல. பாருங்க, எப்படித் தொங்குதுன்னு."

என் காதில் என்னவாக விழுந்ததோ, எங்கே போய்த் தைத்ததோ.

"யாருக்கு டென்ஷன் இல்ல? எனக்கா?" குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. "வாரத்துல ரெண்டு நாளு கடைய சாத்திகினு போறேன். வந்தவன்லாம் எதுத்த கடைக்குப் போறான். போறப்போ உனக்கு சீட்டு புடிச்சிட்டு நின்னுகினு வரேன், வர்றப்போ நீ மயங்கி என்மேல சாயுற, அப்பவும் நின்னுகினு வரேன். தூக்கத்துல கூட அந்த மெஷினு சத்தம்தான் கேக்குது. எப்ப முடியும் இதுன்னு ஒரு நாளு…"

அங்கே நிறுத்தினேன். நிறுத்தியது தாமதம். எப்போது முடியும் என்ற கேள்விக்கு ஒரே ஒரு பதில்தான் உண்டு என்பது அந்த அறையில் படுத்திருக்கிற எல்லோருக்கும் தெரியும். அழைத்துப்போகிறவர்களுக்கும் தெரியும். அதனால்தான் அந்தக் கேள்வியை யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை.

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அவள் என் கட்டத்தை மெல்லக் கீழே வைத்தாள்.

"நான் நூலச் சொன்னேங்க."

"இன்னா?"

"நூலு. இழுத்துப் புடிக்கிறதுக்கு அந்தம்மா டென்ஷன்னுதான் சொல்லுது, செல்லுல. ஒரே டென்ஷனா வெச்சிக்கினா எல்லாக் கட்டமும் ஒரே அளவா வரும்னு."

எங்கள் ஊரில் டென்ஷன் என்றால் ஒன்றுதான். தாலுகா ஆபீஸ் வாசலில், ரேஷன் கடை வரிசையில், பரீட்சை ரிசல்ட் நாளில் எல்லோர் வாயிலும் இருப்பது. நூலுக்கும் அது உண்டு என்று எனக்கு யார் சொன்னார்கள்?

வெள்ளிக்கிழமை விடியற்காலை டிபன் டப்பாவும் ஃபைலும் எடுத்துவைத்துவிட்டு அவளை எழுப்பினேன். விழித்துத்தான் இருந்தாள்.

"நான் வரல."

"பஸ்ஸு போயிடும்."

"போவட்டும். உங்களுக்கும் ரெஸ்ட்டு, எனக்கும் ரெஸ்ட்டு. போதுங்க. இனிமே போவல."

கோபமாகச் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். சமையலறை விளக்கை அணைக்கச் சொல்கிற குரலில் சொன்னாள். கெஞ்சினேன். திட்டினேன். நேற்று சொன்னது வாய் தவறி வந்தது என்றேன். "வாயி தவறல. உள்ள இருந்ததுதான் வந்துச்சி. நான் தப்பா எடுத்துக்கல" என்றாள். திண்டிவனத்துக்குப் போன் செய்தேன். "வெள்ளிய விட்டீங்க, செவ்வாய விட்டுடாதீங்க சார். தண்ணி ஏறிக்கும். அதுக்கு முன்னாடியே மூச்சு வாங்குச்சின்னா உடனே கூட்டினு வாங்க" என்று சொல்லிவிட்டு நர்ஸ் போனை வைத்தார்.

செவ்வாய்க்கிழமைக்கு நான்கு நாள் இருந்தது. அடுத்தவர் வீட்டுச் சாவுக்கெல்லாம் வாசகம் எழுதிக் கொடுத்தவனுக்கு, சொந்த வீட்டில் ஒருத்தியை பஸ் ஏற்ற ஒரு வார்த்தை கிடைக்கவில்லை. கை சும்மா இருக்க மாட்டேன் என்றது. கட்டங்களை எடுத்துச் சேர்க்க ஆரம்பித்தேன்.

உல்லன் நூல் நுழைகிற காதுள்ள ஊசி வீட்டில் இல்லை. நெல்லும் வேர்க்கடலையும் ஏலம் போகும் கமிட்டியில் மூட்டை தைப்பவரிடம் ஒரு கோணி ஊசி வாங்கிவந்து, அதன் முனையைப் படிக்கல்லில் தேய்த்து மழுக்கிக்கொண்டேன். இரண்டு கட்டங்களின் நல்ல பக்கமும் நல்ல பக்கமும் ஒன்றையொன்று பார்க்கிற மாதிரி வைத்து, ஓரத்துக் கண்ணிகளைச் சேர்த்துத் தைக்க வேண்டும். தைத்தபின் விரித்தால் தையல் அடியில் போய்விடும். அவளுடையதும் என்னுடையதும் அடுத்தடுத்து வரும் இடத்தில் என்னுடையது நீளும். அங்கே என் பக்கத்தில் இரண்டு கண்ணிக்கு அவள் பக்கத்தில் ஒன்று என்று கொடுத்தால் ஒருவழியாகச் சுருங்கிப் பொருந்தும். சனிக்கிழமை முழுக்க அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. இரண்டு தலையணையைச் சுவரோரம் வைத்துச் சாய்ந்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். வெயிலுக்கு நாக்கு வறண்டால் ஒரு ஐஸ் துண்டை வாயில் ஒதுக்கிக்கொள்வாள். தண்ணீர் அளவாகத்தான் குடிக்க வேண்டும். பாதங்கள் வீங்கத் தொடங்கியிருந்தன. விரலால் அழுத்தினால் குழி விழுந்து, வெகுநேரம் அப்படியே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை கோட்டை பார்க்க வந்த வண்டிகள் தெருமுனைவரை நின்று ஹாரன் அடித்தன. அந்தச் சத்தத்துக்கு நடுவில் அவள் குரல் வந்தது.

"இன்னா அது, மல்லாட்ட மூட்டையா?"

வேர்க்கடலை மூட்டை தைக்கிற அந்த ஊசியைப் பார்த்துச் சொல்கிறாள். நான் நிமிரவில்லை. நிமிர்ந்தால் நிறுத்திவிடுவாள் என்று பட்டது.

"இவ்ளோ இறுக்கிக் கட்டுனா நடுவுல மேடு தட்டும். மூட்டையில இருந்து மல்லாட்ட கொட்டிடாதுங்க. கொஞ்சம் வுட்டுத் தெய்ங்க."

விட்டுத் தைத்தேன்.

"இப்ப ரொம்ப வுட்டுட்டீங்க."

"உனக்கு எதுவும் புடிக்காது."

"எனக்குப் புடிச்சதுதானே இவ்ளோ வருசமா கூட இருக்குது" என்றாள். மூச்சு வாங்கியது. பேசியதற்கா, வேறு எதற்கா என்று நான் எண்ணிப் பார்த்துக்கொண்டே ஊசியைக் குத்தினேன்.

திங்கட்கிழமை விளக்கு வைக்கிற நேரத்துக்குக் கடைசி வரிசை முடிந்தது. சிவப்பு, கடுகு மஞ்சள், வாழை இலைப் பச்சை. ஒழுங்காக ஒன்றும் இல்லை. அவளுடைய கட்டங்கள் விறைப்பாக நிற்க, என்னுடையவை பக்கத்தில் தளர்ந்து படுத்திருந்தன. அந்த வெக்கையில் அவள் கால்மேல் விரித்தேன். வேண்டாம் என்று தள்ளுவாள் என்றுதான் நினைத்தேன். வலது கையால் தடவிப் பார்த்தாள். ஒவ்வொரு வரிசையாகத் தடவிக்கொண்டு வந்த கை, இடுப்புக்கு மேலே, இடது ஓரத்தை அடுத்த கட்டத்தில் நின்றது.

"இது கெட்ட பக்கம்."

"எது?"

"இந்தக் கட்டம். திருப்பி வெச்சித் தெச்சிட்டீங்க. தடவிப் பாருங்க, முடிச்சு மேல இருக்குது."

குனிந்து பார்த்தேன். அவள் போட்ட கட்டம்தான். எனக்கு இரண்டு பக்கமும் ஒரே மாதிரிதான் தெரிந்தது. யாருக்குத் தெரியப்போகிறது என்றேன்.

"எனக்குத் தெரியும். பிரிங்க."

கண்ணெல்லாம் எரிந்தது. நான்கு நாளாகத் தூக்கமில்லை. "நாளைக்குப் பிரிக்கிறேன்" என்றேன்.

"நாளைக்குச் செவ்வாக்கெழம."

நான் அசையாமல் இருந்தேன். ஐஸ் துண்டு வாயில் கரைகிற சத்தம் கேட்டது.

"பெஞ்சில உக்காந்து பிரிங்க" என்றாள். "அங்க சும்மாதானே உக்காந்துனு இருப்பீங்க."

பஸ்ஸிலேயே பிரித்துவிட்டேன். முதல் பஸ், இருவருக்குமே சீட்டு கிடைத்தது. வழியில் வல்லம் வருவதற்குள் நான்கு பக்கமும் நூலை உருவி, அந்த ஒரு கட்டத்தைத் தனியே எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். போய் இறங்கியதும் பெஞ்சில் உட்கார்ந்து நேராகத் திருப்பித் தைத்துவிடலாம் என்று கணக்கு. அதற்கு நேரம் தரவில்லை. எடை பார்த்த நர்ஸ் முகத்தைச் சுளித்து, ஒரு வெள்ளிக்கிழமைக்கு இவ்வளவு தண்ணியா என்று அதட்டி, அவளை உடனே கட்டிலில் ஏற்றச் சொன்னார். போர்வையைப் போர்த்திவிட நான் உள்ளே போனேன்.

"கைய மூடாதீங்க சார். ஊசி போட்ட கை எங்க கண்ணுக்குத் தெரியணும்" என்றார் நர்ஸ்.

அதுதான் எப்போதும் தொல்லை. கை வெளியே இருக்க வேண்டும் என்றால் தோளிலிருந்து போர்வை சரியும், அந்தப் பக்கம் முழுக்கக் குளிர் இறங்கும். அவள் போர்வையின் ஓட்டையைப் பார்த்தாள். ஊசி போடுவதற்கு முன்பே, வளையல் இல்லாத இடது கையை அந்த ஓட்டைக்குள் நுழைத்து வெளியே நீட்டினாள். போர்வை கழுத்துவரை ஏறிப் படிந்தது. நர்ஸ் ஒரு நிமிடம் பார்த்துவிட்டு ஊசியை எடுத்தார்.

நான் சட்டைப் பையிலிருந்த கட்டத்தைத் தொட்டேன்.

"அத பையிலயே வெச்சிடுங்க" என்றாள். "நாலு மணி நேரம் கழிச்சி இந்தப் போர்வைய வாங்கி ஓட்டையச் சுத்தி ஓரம் கட்டுங்க. இல்லன்னா எல்லாம் பிரிஞ்சிக்கினு வந்துடும். வெள்ளிக்கெழமக்குள்ள முடிச்சிடணும்."

"சரி."

மெஷின் ஓடத் தொடங்கியது. கண்ணை மூடிக்கொண்டாள். நான் கதவருகே போனபோது பின்னாலிருந்து குரல் வந்தது, பல் கிட்டிக்காத குரல்.

"இன்னாங்க. கொஞ்சம் டென்ஷனா போடுங்க."