அந்த எண் அதிகமாக இருந்தது

இன்று காலை திருத்தணி பேருந்து நிலையத்தில் பஸ் கிளம்பக் காத்திருந்தபோது, பக்கத்து சீட்டு அக்கா தன் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டை என்னிடம் நீட்டினார்.

"இங்கிலீஷ் படிப்பியாம்மா? இத கொஞ்சம் பாரு."

கல்யாணமாகி ஏழு வருடமாம். குழந்தைக்காக இரண்டு முறை ஊசி போட்டுச் சிகிச்சை எடுத்தும் கரு நிற்கவில்லை.

"இந்த வாட்டியும் நிக்கலன்னா அவருக்கு வேற பொண்ணு பாக்கறாங்களாம், எங்க அத்த" என்று சிரித்தார்.

கருமுட்டை இருப்பைக் காட்டும் ஹார்மோன் அளவுக்கு மேல் இருந்தது. அதைச் சொன்னேன்.

"நிறையா இருந்தா நல்லதுதானே?"

எனக்கும் சினைப்பையில் நீர்க்கட்டி உண்டு. அதனால் தெரியும், அந்தக் கட்டி இருந்தால் இந்த அளவு கூடும். முட்டைகள் நிறைய இருக்கும், முதிராமலே நின்றுவிடும்.

"டாக்டர்கிட்ட காட்டுங்கக்கா" என்று மட்டும் சொன்னேன்.

கே.ஜி.கண்டிகை நிறுத்தத்தில் அக்கா ஃபோன் பேசிக்கொண்டே இறங்கினார்.

"ஆங் அத்த, படிச்ச பொண்ணு ஒண்ணு பாத்துட்டுது. கொறன்னு எதுவும் சொல்லல. நீங்க கிருத்திகைக்குக் காவடி வேண்டிக்குங்க."

எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரி நான். என் படிப்பை ஒருவர் இவ்வளவு நம்பியது இன்றுதான்.

நீங்களாக இருந்தால் அவரிடம் என்ன சொல்லியிருப்பீர்கள்?