இசபெல்லின் கலியாணக் கசெற்றில் ஊதிய சாக்ஸபோன்

இசபெல்லுக்குக் கோபம் வந்தால், பஸ்ஸின் மேல்தட்டில் காலை நீட்டிக்கொண்டு இருக்கிறவன்கூட இறங்கி வந்து மன்னிப்புக் கேட்பான் என்று கராஜில் பகிடியாகச் சொல்வார்கள். மன்னாரில் பிறந்து, லண்டனில் மிச்சம் என்கிற பகுதியில் குடியேறி, மகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும் பஸ் ஓட்டப் பழகியவள். இன்றுவரை இரட்டைத்தட்டு பஸ்ஸை டூட்டிங் சனத்துக்குள்ளால் ஓட்டிக்கொண்டிருக்கிறாள். அப்படிப்பட்டவளுக்குக் கோபம் வராமல் வேறென்ன வரும்? ஆனால் அந்தக் கோபமெல்லாம் வந்த வேகத்திலேயே போய்விடும். போகாத கோபம் ஒன்றுதான் இருந்தது. அது அவளுடைய கலியாண வீடியோவின் மேல்.

நியாயமான கோபம். கேட்டால் நீங்களும் அப்படித்தான் சொல்வீர்கள்.

தொண்ணூற்றொன்பதில் டூட்டிங்கில் கலியாணம். அம்மாவுக்கும் அப்பாவுக்கும் விசா கேட்டுப் போட்டதில் அப்பா சவிரிமுத்துவுக்கு மட்டும் கிடைத்தது. அம்மா மன்னாரிலேயே நின்றுவிட்டா. பெற்ற பிள்ளையின் கலியாணத்தை வீடியோ டெக்கில் போட்டுத்தான் பார்க்கவேண்டும் என்று ஆகிவிட்டது. அதனால் வீடியோ நல்லாக வரவேண்டும் என்று, அந்தப் பக்கத்தில் பெரிய ஆளென்று பெயரெடுத்திருந்த சந்திரகுமாரைப் பிடித்தார்கள். பிடித்தார்களே, அங்கேதான் சனியன் பிடித்தது.

சந்திரகுமாருக்குக் கலியாண வீடியோ பிழைப்பு, சினிமா பைத்தியம். லண்டனில் தமிழ்ப் படம் எடுக்கிறேன் என்று வெளிக்கிட்டு, பாதியில் கையைச் சுட்டுக்கொண்டவன். அந்தப் படத்துக்கு இசையமைத்தவர் பெனடிக்ற். யாழ்ப்பாணத்தில் கோவில் பாண்டில் ஊதிப் பழகி, இங்கே பெற்றோல் ஸ்டேசனில் வேலை செய்துகொண்டு, ஜாஸ் என்றும் பரிசோதனை என்றும் சாக்ஸபோனோடு திரிந்த மனிதர். படம் வெளிவரவே இல்லை. இசை மட்டும் சந்திரகுமாரின் கையில் மிஞ்சியது. அந்தக் காலத்தில் கலியாண வீடியோ என்றால் மண்டபத்துச் சத்தத்தைக் குறைத்துவிட்டு மேலே சினிமாப் பாட்டைப் போடுவதுதான் வழக்கம். சும்மா கிடக்கிற இசைதானே என்று, சினிமாப் பாட்டுக்குப் பதிலாகப் பெனடிக்ற்றின் இசையைத் தூக்கிப் போட்டான் அந்தப் படுபாவி.

கசெற் வந்த அன்று குடும்பமே கூடியிருந்து பார்த்தது. விருந்து மண்டபத்தில் அப்பா காமெராவைப் பார்த்து ஏதோ சொல்கிறார். பிறகு இசபெல்லின் கையைப் பிடித்து இழுத்து முன்னுக்கு விடுகிறார். அவளும் ஏதோ சொல்கிறாள். கேட்கிறது என்ன? சாக்ஸபோன். அதுவும் ராகமா, தாளமா, ஒரு மண்ணும் இல்லை. கன்றைத் தொலைத்த எருமை கத்தின மாதிரி ஒரு கத்தல். பார்த்திருந்த சனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. இசபெல்லுக்கு நெஞ்சு பற்றி எரிந்தது.

அந்தக் கசெற்றின் பிரதிதான் மன்னாருக்கும் போனது. அம்மா தொலைபேசியில் கேட்டா.

"பிள்ளை, அப்பாவும் நீயும் வாயை வாயை அசைக்கிறியள். ஒண்டும் கேக்கேல்லை. என்னம்மா சொன்னனீ?"

"ஏதோ சொன்னனான் அம்மா. கலியாண அமளியில மறந்துபோச்சு."

"என்னோட ஒரு வார்த்தை கதைச்சிருக்கலாம்."

"கதைச்சனான் அம்மா! அவன்தான் மேல பாட்டைப் போட்டிட்டான்!"

அம்மா நம்பினாவோ இல்லையோ தெரியாது. எப்போது எடுத்தாலும் சுற்றி வளைத்து அங்கேயேதான் வந்து நிற்பா. சில வருசத்தில் நெஞ்சு நோவென்று படுத்தவ எழும்பவில்லை. கலியாணம் முடிந்து ஊர் திரும்பியிருந்த அப்பா இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து போய், கடைசிச் சண்டையில் செல் குண்டு விழுந்து செத்துப்போனார். அவரும் அப்படி என்னதான் சொன்னார் என்பதைப் பிறகு நினைவுபடுத்திச் சொல்லத் தெரியாதவர். 'நல்லாத்தான் சொன்னனான்' என்பார், அவ்வளவுதான். போட்டோ இருக்கிறது. குரல் எங்கேயும் இல்லை, அந்தக் கசெற்றைத் தவிர.

இசபெல்லைப் போலவே ஏமாந்த வேறு குடும்பங்கள் சந்திரகுமாரோடு சண்டை பிடித்து, கசெற்றைத் திருப்பிக் கொடுத்து, சினிமாப் பாட்டுப் போட்டு வாங்கிக்கொண்டன. இசபெல் கொடுக்கவில்லை. திரும்பவும் கொடுத்தால் அப்பாவின் குரலை அடியோடு அழித்துப்போடுவான் என்ற பயம். ஏனென்றால், தொலைக்காட்சியில் காதை ஒட்டி வைத்துக் கேட்டால், அந்தக் கத்தலுக்கு அடியில் ஒரு ஆம்பிளைக் குரல் முனகுவது கேட்கும். சொல்தான் பிடிபடாது. யாரும் வீட்டில் இல்லாத நேரம் பார்த்து அவள் அப்படிக் காதை வைத்துக்கொண்டு இருந்திருக்கிறாள். ஒவ்வொரு முறையும் சாக்ஸபோன்காரனைத் திட்டித் தீர்த்துவிட்டுத்தான் எழும்புவாள்.

இப்படியிருக்க, போன வருசம் அந்தச் சாக்ஸபோன்காரரே வீட்டு வாசலில் வந்து நின்றார்.

தலை முழுக்க நரை. கழுத்தில் ஒரு சால்வை. "தங்கச்சி, நான் பெனடிக்ற். மியூசிக் செய்யிறனான்" என்றார்.

மகள் அஜித்தா கைபேசியில் தேடிப் பார்த்துவிட்டு, "அம்மா, இவர் பெரிய ஆள்!" என்று காதுக்குள் சொன்னாள். வெள்ளைக்காரர் மண்டபம் நிறைய இருந்து கேட்கிற அளவுக்கு ஆள் வளர்ந்துவிட்டாராம்.

உட்காரச் சொல்லி, தேத்தண்ணி கொடுத்து, வந்த விசயத்தைக் கேட்டாள் இசபெல். மனிதர் மெல்லச் சொன்னார். அவர் தொடக்கத்தில் படங்களுக்குச் செய்த இசையை ஒரு கொம்பனி இசைத்தட்டாக வெளியிடப் போகிறது. மற்றதெல்லாம் கிடைத்துவிட்டது. முதல் முதல் செய்ததுதான் இல்லை. சந்திரகுமார் செத்த பிறகு வீட்டைத் துப்புரவாக்கினவர்கள் நாடாக்களையெல்லாம் குப்பையில் போட்டுவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து கோவில் வாசலில் கதைத்துக்கொண்டு நின்றபோதுதான் யாரோ இசபெல்லின் கசெற்றைப் பற்றிச் சிரித்துச் சிரித்துச் சொன்னார்களாம்.

"உங்கட கசெற்றில மட்டும்தான் தங்கச்சி அது மிஞ்சியிருக்கு. அது என்ர உயிர்."

வந்ததே கோபம்!

"உயிரோ? உங்கட உயிர் என்ர அப்பாவின்ர வாய்க்கு மேல ஏறி இருக்குது அண்ணை! என்ர அம்மா சாகும் வரைக்கும் கேட்டுக்கேட்டே செத்தவ. சனம் எல்லாம் எருமை வீடியோ எண்டு சிரிச்சது. இப்ப வந்து உயிர் எண்டு சொல்லுறியள்!"

"நான் போடச் சொல்லேல்லை. என்னைக் கேக்காமல்தான் அவன் போட்டவன். என்ர பாட்டையும் களவெடுத்தவன்தானே."

"களவெடுத்தவன் நிம்மதியாச் செத்திட்டான். களவு குடுத்த ரெண்டு பேரும் இஞ்ச இருந்து சண்டை பிடிக்கிறம், என்ன?"

பெனடிக்ற் ஆறிப்போன தேத்தண்ணியைத் தள்ளி வைத்தார். "இப்ப மிசின் வந்திருக்கு. ஒண்டோடொண்டு கலந்த சத்தத்தைப் பிரிச்செடுக்க ஏலும்" என்றார்.

இசபெல் அவரை உற்றுப் பார்த்தாள். "அப்ப அப்பான்ர குரலும் வருமோ?"

"வரும் எண்டுதான் நினைக்கிறன்."

அந்த ஒரு சொல்லுக்காகத்தான் அவள் இறங்கி வந்தாள். ஆனால் கசெற்றை ஒருவர் கையிலும் கொடுக்கமாட்டேன், நானே கொண்டு வருவேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள்.

லீவு நாள் ஒன்றில், கசெற்றை ஒரு துவாயில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, பெனடிக்ற்றோடு நோர்தேர்ன் லைன் ரயிலில் போனாள். ரயில் பாலத்துக்குக் கீழே ஒரு ஸ்டூடியோ. அங்கே இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை. பக்குவமாகக் கசெற்றை வாங்கி ஓடவிட்டு, கொம்பியூட்டரில் ஏற்றி, ஏதேதோ தட்டினாள். பிறகு, "இப்போது சுத்தமாக இருக்கிறது" என்று ஆங்கிலத்தில் சொல்லிப் போட்டுக்காட்டினாள்.

சாக்ஸபோன் எழும்பியது. மண்டபத்து இரைச்சல் இல்லை, கோப்பை தட்டுகிற சத்தம் இல்லை. எருமைக் கத்தலும் இல்லை. அடிவயிற்றிலிருந்து யாரோ ஒருவன் தனியே நின்று அழுவதுபோல இருந்தது. பெனடிக்ற் கண்ணை மூடிக்கொண்டு இருந்தார். கன்னத்தில் தண்ணீர் வழிந்தது. நல்லாகத்தான் இருந்தது, அதை இசபெல் மறுக்கவில்லை. அது நல்லாக இருந்ததே அவளுக்கு இன்னும் ஆத்திரத்தைக் கிளப்பியது.

"என்ர அப்பா எங்கை?" என்று கத்தினாள். பிறகு ஆங்கிலத்தில் அந்தப் பிள்ளையிடம், "என் அப்பாவை எங்கே போட்டாய்?" என்று கேட்டாள்.

பிள்ளை பயந்துபோனாள். கழித்த சத்தம் எல்லாம் தனியாக ஒரு பக்கம் இருக்கிறது, தேவையில்லாததென்று நினைத்தேன் என்றாள்.

"தேவையில்லாததோ! அதைப் போடு!"

முதலில் ஒரே இரைச்சல். பிள்ளைகள் ஓடுகிற சத்தம், யாரோ சோடாப் போத்தல் கேட்கிற சத்தம். அதற்குப் பிறகு, பக்கத்தில் வந்து நின்று பேசுவதுபோல, சவிரிமுத்துவின் குரல். மூக்கால் கொஞ்சம் இழுத்துப் பேசுகிற அதே குரல்.

"தம்பி, உங்களிட்ட ஒண்டு கேக்கவேணும். நான் பாத்த வீடியோவில எல்லாம் மேல பாட்டைப் போட்டு விட்டிருக்கிறாங்கள். இந்த இடத்தில மட்டும் பாட்டுப் போட்டிடாதையுங்கோ. அங்கை மனுசி தனியப் பாத்துக்கொண்டிருப்பா. பிள்ளை கதைக்கிறது அவவுக்குக் கேக்கவேணும்."

உடனே சந்திரகுமாரின் குரல், காமெராவுக்குப் பின்னாலிருந்து, நல்ல தெளிவாக:

"ஓம் ஐயா. போடமாட்டன்."

அந்தப் பிள்ளை நிறுத்தினாள். அவர் என்ன சொல்கிறார் என்று பெனடிக்ற்றைப் பார்த்துக் கேட்டாள் அவள். பெனடிக்ற் குனிந்துகொண்டார்.

"சொல்லுங்கோ அண்ணை" என்றாள் இசபெல். "வாயைத் திறந்து சொல்லுங்கோ. இங்கிலீசில சொல்லுங்கோ அவளுக்கு!"

"இந்த இடத்தில் இசை வேண்டாம் என்று கேட்கிறார்" என்று பெனடிக்ற் ஆங்கிலத்தில் சொன்னார். "போடமாட்டேன் என்று வீடியோக்காரன் வாக்குக் கொடுக்கிறான்."

பிறகு இசபெல்லைப் பார்த்து, "நான் இதை வெளியில விடப்போறேல்லை தங்கச்சி. வேண்டாம். மற்றப் பாட்டுகளோட மட்டும் தட்டு வரட்டும்" என்றார்.

"நீங்கள் விடாட்டி எனக்கு என்ன வரப்போகுது? போனவை வரப்போயினமோ?" முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். "விடுங்கோ. விடுறதெண்டால் அந்த மனுசனையும் சேர்த்து விடுங்கோ. அவரைக் கழுவித் துடைச்சுப்போட்டு உங்கட பாட்டு மட்டும் வரக்கூடாது. வந்துதோ, கடைக்குக் கடை வந்து உடைப்பன்."

"ஓம்" என்றார் பெனடிக்ற்.

"உந்த ஓமைத்தான் அவனும் சொன்னவன்" என்றாள் இசபெல். "சரி, மிச்சத்தைப் போடச் சொல்லுங்கோ."

பிள்ளை திரும்பவும் தட்டினாள். 'வா, வந்து அம்மாவோட கதை' என்று சவிரிமுத்து யாரையோ இழுக்கிற சத்தம் கேட்டது. வளையல்கள் உரசின. அதன் பிறகு, வெட்கமும் சிரிப்புமாக, இளம்பிள்ளை ஒருத்தியின் குரல்:

"அம்மா, நான் கதைக்கிறது கேக்குதோ?"

"கேக்கேல்லையடி!" என்று இசபெல் அந்தத் திரையைப் பார்த்துக் கத்தினாள். "கேக்கேல்லை, ஒண்டுமே அவவுக்குக் கேக்கேல்லை!"