கார்வேட்டிநகரம் போகாத கார்

எங்கள் வீட்டில் கார் இருந்தது என்று சொன்னால் பணக்காரக் குடும்பம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அதெல்லாம் ஒன்றும் இல்லை. சித்தூர் மிஷனில் இருந்த வெள்ளைக்கார டாக்டரம்மா ஒருவர் ஊருக்குக் கப்பலேறும்போது, வேறு ஆள் அகப்படாமல் நைனாவின் தலையில் கட்டிவிட்டுப் போன பழைய இங்கிலீஷ் கார் அது. கறுப்பு நிறம். நைனா, என் அப்பா, தாலுகா ஆபீசில் குமாஸ்தா. ஆபீசுக்கு சைக்கிளில்தான் போவார். கார் கல்யாணத்துக்கும் சாவுக்கும் மட்டும்.

குளிர்காலத்தில் அதைக் கிளப்புவது ஒரு தனி வேலை. சாவியைத் திருப்பினால் பானட்டுக்குள் பெட்ரோல் பம்பு டிக் டிக் என்று அடிக்கும். அது அடித்து ஓயும்வரை நிற்க வேண்டும். அப்புறம் சோக்கை இழுத்துவிட்டு, முன்னால் போய் இரும்புக் கைப்பிடியைச் செருகிச் சுற்ற வேண்டும். சோக்கு கொஞ்சம் கூடிப்போனால் பெட்ரோல் வழிந்து பிளக்கு நனைந்துவிடும். நைனா பிளக்கைக் கழற்றி அம்மாவிடம் கொடுப்பார். அம்மா அதை இடுக்கியில் பிடித்து அடுப்பில் வாட்டித் தருவாள். தோசைக்கல் ஒரு பக்கம், பிளக்கு ஒரு பக்கம். இப்படித்தான் எங்கள் கார் ஓடியது.

எனக்கு ஆறு வயதிருக்கும். அந்த வருஷம் மழைக்காலத்தில் அத்தை வந்து சேர்ந்தாள். நைனாவின் தங்கை. கார்வேட்டிநகரத்தில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். புத்தூரில் பஸ் மாறி, ஒரே ஒரு பையோடு வந்தாள். இடது கை கழுத்திலிருந்து துணியில் தொங்கியது. கிணற்றடியில் வழுக்கி விழுந்துவிட்டாள் என்று பெரியவர்கள் சொன்னார்கள். எல்லோரும் அதே வார்த்தைகளில் சொன்னார்கள். பாஸ்டர் வந்து விசாரித்தபோதும் அதே வார்த்தைகள். அவர் தலையாட்டினார், ஒரு ஜெபம் பண்ணினார், காப்பி குடித்தார், போய்விட்டார். அத்தைக்கு அதற்கு முன்பும் அந்தக் கிணற்றடி வழுக்கியிருக்கிறது. அந்த வீட்டில் வேறு யாருக்கும் அது வழுக்கியதாகத் தெரியவில்லை.

டிசம்பர் பிறந்ததும் கார்வேட்டிநகரத்திலிருந்து சொல்லி அனுப்பினார்கள். கிறிஸ்துமசுக்கு முன்னால் பெண்ணைக் கொண்டுவந்து விட வேண்டும். இல்லையென்றால் அப்புறம் வரவே வேண்டாம்.

தீர்ப்புச் சொன்னவர் பெரியப்பா. நைனாவின் அண்ணன், சபையில் மூப்பர். எங்கள் குடும்பத்தில் எதையும் அவர்தான் முடிவு பண்ணுவார். அத்தையை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

“பஸ்ல இட்டுக்கினு போய் எறக்கினா, நாம தொரத்தி வுட்டுட்டோம்னு நெனைப்பாங்க. கார்ல போய் வாசல்ல நிறுத்துடா தம்பி. அவங்க வாய் தானா மூடிக்கும்” என்றார் பெரியப்பா.

“சரிண்ணே” என்றார் நைனா. நைனா எல்லாவற்றுக்கும் சரிண்ணேதான்.

அம்மாவுக்கும் அத்தைக்கும் ஆகாது. அத்தை கல்யாணத்துக்கு முன்பு எங்களோடு இருந்த காலத்தில், குழம்பில் புளி கூடிப்போச்சு என்பதில் ஆரம்பித்து இருவரும் வாரக்கணக்கில் பேசாமல் இருந்திருக்கிறார்கள். அதனால் அத்தை போவதில் அம்மாவுக்குச் சந்தோஷம் என்றே எல்லோரும் நினைத்தோம். அம்மாவும் முறுக்கு சுட்டு, அதிரசம் சுட்டு, டின்னில் அடைத்து வைத்தாள்.

கிளம்ப வேண்டிய அன்று பெரியப்பா கோட்டுப் போட்டுக்கொண்டு வந்து முன்சீட்டில் உட்கார்ந்துவிட்டார். அத்தை பின்னால், டின்னை மடியில் வைத்துக்கொண்டு. நைனா கைப்பிடியைச் சுற்றினார். கார் இருமியது. மறுபடியும் சுற்றினார். இருமலும் நின்றுபோனது.

“சோக்க ஜாஸ்தியா இழுத்துட்ட” என்றார் பெரியப்பா. அவர் ஜென்மத்தில் கார் ஓட்டியதில்லை.

“இல்லண்ணே, அளவாத்தான் இழுத்தேன்.”

“பின்ன இன்னாத்துக்கு கெளம்ப மாட்டேங்குது? பனி. என்ஜினு வெறச்சிப் போச்சி. சுடுதண்ணி கொண்டாரச் சொல்லு.”

அம்மா சுடுதண்ணீர் கொண்டுவந்தாள். துணியை நனைத்து கார்புரேட்டர் மேல் சுற்றினார்கள். பிளக்கைக் கழற்றி அடுப்பில் வாட்டினார்கள். எங்கள் காம்பவுண்டில் குடியிருந்த ஆண்கள் எல்லோரும் பல்குச்சியோடு வந்து காரைச் சுற்றி நின்றார்கள். ஆளுக்கு ஒரு வைத்தியம். ஒருவர் பேட்டரி என்றார், ஒருவர் ஒயர் என்றார். ஒருவர் காரைத் தள்ளச் சொல்லிவிட்டுத் தான் மட்டும் கையை வைக்காமல் கூடவே நடந்துவந்தார். கடைசியில் நைனா கார்புரேட்டரைப் பிரித்துத் துடைத்துப் பூட்ட, உச்சிவேளையில் கார் ஒன்றுமே நடக்காததுபோல் கிளம்பியது.

ஆனால் பெரியப்பா இறங்கிவிட்டார். பொழுது சாய்ந்து போய் நின்றால் போக்கிடம் இல்லாமல் வந்த மாதிரி இருக்குமாம். திரும்பி வரும்போது இருட்டிவிடும், காரின் விளக்கு வேறு மினுக்கட்டாம்பூச்சி. சரி, மறுநாள் போகலாம் என்றால் மறுநாள் வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமை வீட்டுப் பெண்ணை அனுப்பக் கூடாது. விக்கிரகங்களை விட்டு நாலு தலைமுறை ஆன குடும்பம். வெள்ளிக்கிழமையை மட்டும் விடவில்லை.

சனிக்கிழமை காலையிலும் கார் கிளம்பவில்லை. நைனா மெக்கானிக் பாயைக் கூட்டிவந்தார். அவர் ஒரு கண்ணாடிப் பாட்டிலில் டேங்குப் பெட்ரோலைப் பிடித்து வெயிலில் தூக்கிக் காட்டினார். அடியில் உருண்டையாக, தனியாக, பளபளவென்று ஏதோ நின்றது.

“பாருங்க சார், தண்ணி. டேங்கு பாதி காலியா இருந்தா ராத்திரி பனி உள்ள எறங்கி தண்ணியாவும். டேங்க நெரப்பி, மூடிக்குப் புது வாசர் போட்டு டைட் பண்ணிட்டா ஒரு சொட்டு எறங்காது. நா கேரண்டி.”

“பனி எங்கயாச்சும் இவ்ளோ தண்ணியா எறங்குமா? பங்க்குக்காரன் கலக்கறான்டா!” என்றார் பெரியப்பா. அப்படியே கோட்டோடு பெட்ரோல் பங்க்குக்குப் போனார். நானும் நைனாவின் சைக்கிளில் முன்னால் உட்கார்ந்து போனேன். “ஏமய்யா, பெட்ரோல் அம்முதாவா, நீள்ளு அம்முதாவா?” என்று தெலுங்கில் ஆரம்பித்தார். நீ விற்பது பெட்ரோலா தண்ணீரா என்று சபையைக் கூட்டிவிட்டார். அந்த ஆள் பாவம், தன் தலையில் அடித்துச் சத்தியம் செய்தான். அவன் சத்தியம் உண்மை என்று அங்கே யாருக்கும் தெரியாது. எனக்கும்தான்.

இத்தனைக்கும் நான் கண்ணால் பார்த்திருந்தேன். விடிகிற நேரத்தில் எனக்கு விழிப்பு வந்துவிடும். ஜன்னல் வழியாகப் பார்த்தால், அம்மா செம்பில் தண்ணீர் எடுத்துக்கொண்டு காரின் பின்பக்கம் போய், மூடியைத் திறந்து ஊற்றிவிட்டு வருவாள். அதில் அதிசயப்பட என்ன இருக்கிறது? நைனாவும்தான் முன்பக்கம் ரேடியேட்டர் மூடியைத் திறந்து தண்ணீர் ஊற்றுவார். வண்டிக்கும் தாகம் எடுக்கும் என்று எனக்குச் சொல்லியும் கொடுத்திருந்தார். முன்னால் நைனா, பின்னால் அம்மா. பங்க்குக்காரன் ஊற்றியது கெட்ட தண்ணீர், அம்மா ஊற்றுவது கிணற்றுத் தண்ணீர், நல்லது. ஆறு வயதில் என் அறிவு அவ்வளவுதான்.

அம்மாவுக்கு இந்த வித்தையைக் கற்றுக்கொடுத்தவரே நைனாதான். ஐப்பசி மழையில் அந்தப் பெட்ரோல் மூடியைத் திறந்துபோட்டுவிட்டு, கார் படுத்ததும், தண்ணீர் ஒரு செம்பு போனால் போதும், என்ஜின் செத்தது என்று நாள் முழுக்கக் கத்தியிருந்தார். அம்மா அரிசி புடைத்துக்கொண்டே கேட்டிருக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை கோவில் ஆராதனை முடிந்து வந்து நைனா மறுபடியும் கார்புரேட்டரைப் பிரித்து உட்கார்ந்தார். ஒரு சின்னப் பித்தளைத் துண்டை வாயில் வைத்து ஊதிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் குந்திக்கொண்டு கேட்டேன்.

“நைனா, அம்மா தெனிக்கும் பின்னால ஊத்தறாங்களே, அந்தத் தண்ணி போதலியா?”

ஊதுவது நின்றது. “எப்ப ஊத்தறா?”

“வெடியகாலையில. நீ தூங்கிக்கினு இருக்கறப்ப.”

நைனா வீட்டுக்குள் பார்த்தார். அம்மா வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள். அத்தை பக்கத்தில் உட்கார்ந்து ஒற்றைக் கையால் முறத்தில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அவர்கள் பேசிக்கொள்ளவில்லை. நைனா அத்தையின் கைக்கட்டைப் பார்த்தார். அப்புறம் என் பக்கம் திரும்பினார்.

“போதும்மே. அதே போதும். பெரியப்பாகிட்ட மட்டும் சொல்லாத. அவருக்குக் காரப் பத்தி ஒண்ணும் தெரியாது.”

பெரியப்பாவுக்குத் தெரியாத விஷயம் ஒன்று எனக்குத் தெரியும் என்ற பெருமையில் நான் வாயைத் திறக்கவில்லை.

அன்று சாயங்காலம் பாய் வந்து டேங்கைக் காலிசெய்து, வேறு பெட்ரோல் ஊற்றி, மூடிக்குப் புது வாசர் போட்டு முறுக்கிவிட்டுப் போனார். மறுநாள்தான் கடைசி நாள். அதை விட்டால் கிறிஸ்துமஸ். விடியலில் எழுந்து பார்த்தேன். அம்மா மூடியோடு போராடிக்கொண்டிருந்தாள். பாய் முறுக்கி வைத்த முறுக்கில் அது அசையவில்லை. அப்போது நைனா அவள் பின்னால் வந்து நின்றார். அம்மா திடுக்கிட்டதில் செம்புத் தண்ணீர் முழுதும் புடவையில் கொட்டிவிட்டது. அடி விழப்போகிறது என்பதுபோல் நின்றாள். நைனா மூடியை ஒரே திருகில் திறந்தார். திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். அம்மா தொட்டிக்குப் போய்ச் செம்பை நிரப்பிக்கொண்டு வந்து ஊற்றினாள். நைனா மூடியைத் திருகி, சிந்திய துளிகளைத் தன் துண்டால் துடைத்தார்.

ஒரு மணி நேரம் கழித்து அதே நைனா, பெரியப்பா கண்ணெதிரில், வேர்க்க விறுவிறுக்கக் கைப்பிடியைச் சுற்றினார். பனியன் நனைந்துவிட்டது. நடுவில் இரண்டு முறை “கர்த்தரே” என்றுகூடச் சொன்னார். பாய் தன் கேரண்டி போனதில் முகம் செத்து நின்றார்.

“சரி, எறங்கு. பஸ்ஸுக்கு நேரமிருக்குது” என்றார் பெரியப்பா அத்தையிடம்.

“பஸ்லயாண்ணே? நீதான சொன்ன, தொரத்தி வுட்ட மாதிரி இருக்கும்னு. மூப்பர் வூட்டுப் பொண்ணு பஸ்ல வந்து எறங்கிச்சின்னு அங்க நாலு பேரு பேச மாட்டாங்களா?”

பெரியப்பா தெருவைப் பார்த்தார். “டாக்சி?”

“டாக்சியெல்லாம் ஏகாதசிக்குத் திருப்பதி சவாரி போயிட்ச்சி சார்” என்றார் பாய். அது நிஜம்.

பெரியப்பா கோட்டைக் கழற்றினார். அத்தை காரிலிருந்து இறங்கினாள். டின்னை அம்மா வாங்கிக்கொண்டாள்.

இப்போது நினைத்தாலும் எனக்கு ஆத்திரம்தான் வருகிறது. அனுப்ப மாட்டேன் என்று ஒரு வார்த்தை. அதை அண்ணனிடம் சொல்லத் துணிச்சல் இல்லாமல் அந்த மனிதர் ஒரு மணி நேரம் கைப்பிடி சுற்றினார். ஊர் ஆண்கள் எல்லோரும் பெட்ரோல் டேங்கின் அடிவரை கழற்றிப் பார்த்தார்கள். அத்தையின் கைக்கட்டை ஒருவரும் அவிழ்த்துப் பார்க்கவில்லை. அம்மா அவிழ்த்துப் பார்த்திருக்கிறாள். தினமும் எண்ணெய் தேய்த்துவிட்டது அவள்தான்.

கார்வேட்டிநகரத்துக்காரர்கள் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்கள். அவர்கள் காப்பாற்றிய ஒரே சொல் அதுவாகத்தான் இருக்கும். அத்தை எங்களோடு தங்கினாள், பின்னால் ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்தாள், அம்மாவோடு சாகும்வரை புளிக்காகச் சண்டை போட்டாள். கார்தான் பிழைக்கவில்லை. டேங்குக்குள் துரு பிடித்து, கிளம்புவதையே மறந்துவிட்டது.

புதுவருஷத்தன்று சாயங்காலம் பெரியப்பா வீட்டில் குடும்ப ஜெபம். பிள்ளைகள் ஆளுக்கு ஒரு ஜெபம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். என் முறை வந்தது. முழங்காலில் நின்று, கண்ணை இறுக மூடிக்கொண்டு கத்தினேன்.

“ஏசப்பா, எங்க காருக்குக் கெட்ட தண்ணி ஊத்தினவங்கள சும்மா வுடாதீங்க. அவங்க வூட்ல சோறே பொங்கக் கூடாது. ஆமென்.”

பெரியப்பா எல்லோரையும்விடச் சத்தமாக ஆமென் சொன்னார். அம்மாவும் நைனாவும் தலையை நிமிர்த்தவில்லை. என் பக்கத்தில் முழங்காலில் இருந்த அத்தையின் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தேன். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். வந்த நாளிலிருந்து அவள் சிரித்து நான் பார்த்ததில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மறுநாள் எங்கள் வீட்டில் வழக்கம்போலச் சோறு பொங்கியது. அத்தைதான் எனக்குப் போட்டாள். நல்ல கார் ஒன்று போயே போய்விட்டது, இவளுக்கு அதில் கொஞ்சமாவது வருத்தம் உண்டா என்று, அவள் முகத்தைப் பார்க்காமலே சாப்பிட்டு எழுந்தேன்.