மக்காச்சோளக் கிடங்கில் சர்ஃப் பலகை

சர்ஃப் பலகை செய்கிறவருக்குப் பலகையை இழைப்பதைவிட, கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்வதுதான் பெரிய வேலை. அலைமேல் நின்று சறுக்கிப் போகிற பலகை அது. நான் அதைச் செய்வது பெரம்பலூர் பக்கம் குரும்பலூரில். இங்கிருந்து பஸ் ஏறினால் கடலைப் பார்க்க அரை நாள் போய்விடும். தொழில் கற்றது புதுச்சேரியில் ஒரு பட்டறையில். சொந்தமாகச் செய்ய இடம் கிடைத்தது என் அண்ணனின் சோளக் கிடங்கில் பாதி. ஊர் சிரிக்கிற தொழிலில் கிடந்து அல்லாடும் சக பாவிகளே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

கடல் எங்கே?

மெஷின் ஓட்டுவதற்காகக் கரண்ட் இணைப்பை மாற்றித் தரச்சொல்லிக் கேட்டிருந்தேன். மின்வாரியத்திலிருந்து பார்க்க வந்தவர் பலகையைச் சுற்றிச் சுற்றி வந்தார். கதவா, கட்டிலா, கல்யாண மேடைக்கு அலங்காரமா என்று மூன்று விதமாகக் கேட்டார். நான் விளக்கியதும், "கடல் எங்கம்மா இருக்கு?" என்றார். எனக்குச் சுர்ரென்று ஏறியது. ஜன்னல் மேல் வைத்திருந்த கல்லாய்ப் போன சிப்பியை எடுத்துக் கையில் கொடுத்தேன். அரியலூர்ப் பக்கம் உழுதால் இன்றைக்கும் கிடைக்கிற சங்கதிதான்.

"கடல் இங்கதான் சார் இருந்துச்சு, கொஞ்சம் தள்ளிப் போயிருக்கு" என்றேன். அவர் சிப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கொடுக்கும்போது சொன்னார்: "அது திரும்பி வர்றப்ப ஒரு போன் பண்ணுங்க, நானும் குடும்பத்தோட வரேன்."

சோளத் தூசி

ஃபோம் கட்டையை இழைத்து வடிவம் கொண்டுவந்த பிறகு, மேலே ஃபைபர் துணியை விரித்து ரெசின் என்கிற பிசினை ஊற்ற வேண்டும். காயும்வரை அதில் ஈ உட்காரக்கூடாது. நான் ஊற்றி முடித்த நேரம் பார்த்து அண்ணன் வாசலில் சோளம் அடிக்கிற மெஷினை ஓட்டினார். ஓடிப்போய்க் கதவைச் சாத்துவதற்குள் பலகை முழுக்கத் தூசியும் தோலும் ஒட்டிவிட்டது. நான் கத்த, அவர் கத்த, தெருவே கூடிவிட்டது. "ஒண்ணு உன் பலகை இருக்கணும், இல்ல என் சோளம் இருக்கணும். நீயே சொல்லு பாப்பா" என்றார் அண்ணன்.

பலகை கேட்டிருந்தவர் புதுச்சேரியில் அலைச்சறுக்கு சொல்லித் தருகிறவர். வாங்கிப் போக நேரில் வந்தார். நடந்ததைச் சொல்லி, வேறு செய்து தருகிறேன் என்றேன். அவர் பலகையை வெளியே தூக்கிப் போய் வெயிலில் சாய்த்துப் பார்த்தார்; ரெசினுக்குள் தூசி பொன் துகளாக மின்னியது. "இதையே குடுங்க. அடுத்த பலகைக்கும் இந்தத் தூசி வேணும், இப்பவே சொல்லிட்டேன்."

இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் இரண்டு

ரோஸி கடலூர்ப் பக்கத்து மீனவர் வீட்டுப் பெண். நன்றாக அலை ஓட்டிக்கொண்டிருந்தவள். பைக் விபத்தில் வலது கணுக்கால் உடைந்து, பின்னங்காலாக ஊன்றும் அந்தக் காலின் குதிகால் அழுந்தாமல் போயிற்று. இடப்பக்கம் திரும்பினாலே விழுவாள். அவள் போய்க் கேட்ட பட்டறைகளில் எல்லாம், இனிமேல் கரையில் உட்கார்ந்து பார் என்றே சொன்னார்களாம். அதைக் கேட்டதும் எனக்குப் பிடிவாதம் வந்துவிட்டது.

பலகையின் அடியில், மீனுக்கு இருப்பதுபோல, ஃபின் என்கிற துடுப்புகள் உண்டு. வழக்கமாக இருபுறமும் ஒரே மாதிரி வைப்பார்கள். கால் இரண்டும் ஒரே மாதிரி இல்லாதவளுக்குப் பலகை மட்டும் ஏன் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்க வேண்டும்? பலகைமேல் பக்கவாட்டில் நிற்கும்போது விரல்கள் இருக்கும் வலப்பக்கம் பெரிதாக ஒன்று, குதிகால் இருக்கும் இடப்பக்கம் சின்னதாக இரண்டு, விளிம்பும் அந்தப் பக்கம் குட்டை. லேசாக அழுத்தினாலே திரும்பட்டும் என்று கணக்கு. "இது ஓடலைன்னா கெடங்கு மொத்தமும் சோளத்துக்குத்தான்" என்றார் அண்ணன். சரி என்று சொல்லிவிட்டேன்.

எனக்கு ரெசின் வேலை செய்து தருகிற பாஷா பாய், டவுனில் வேன்களுக்கு பம்பர் ஒட்டுகிறவர். ஃபின்னைப் பார்த்ததும் தலையில் கை வைத்துக்கொண்டார். "யா அல்லா! யாராச்சும் கேட்டா என் பேரச் சொல்லிடாதம்மா, எனக்கு வேன்காரங்க வேலை குடுக்க மாட்டாங்க."

கலிங்குப் பரீட்சை

கடற்கரையில் பட்டறை வைத்திருப்பவர்கள் செய்யவே முடியாத தப்பு ஒன்றை நான் செய்தேன். மழைக்கு ஏரி நிரம்பிக் கலிங்கில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. பலகையைக் கயிற்றில் கட்டி அந்த ஓட்டத்தில் விட்டேன். ஒரு பக்கமாக இழுத்தது. பெரிய ஃபின்னை அதன் பள்ளத்தில் முன்னால் நகர்த்தி நகர்த்தி, கடைசியில் நேராக நிற்க வைத்துவிட்டேன். பெருமை தாங்கவில்லை. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த அக்கா ஒருத்தி வெகுநேரம் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "அது சரி, ஆளு ஏறுனா என்னா பண்ணும்?"

ஆள் ஏறியபோது

ஆள் ஏறினால் என்ன பண்ணும் என்று கடலூர்க் கரையில் தெரிந்தது. அண்ணன்தான் குட்டியானை வண்டியில் பலகையையும் என்னையும் ஏற்றி வந்திருந்தார். ரோஸி எழுந்து நிற்பாள், பலகையின் பின்புறம் வழுக்கும், விழுவாள். மறுபடி ஏறுவாள், மறுபடியும் அதேதான். கரையில் சில பையன்கள் சிரித்தார்கள். "போதும் பாப்பா, வண்டில ஏத்து" என்றார் அண்ணன். எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது.

"ஏத்த மாட்டேன்" என்று மணலில் உட்கார்ந்துவிட்டேன். கலிங்கில் வெறும் பலகைதான் நின்றது. அதன் மேல் கால் இல்லை, அந்தக் குதிகாலும் இல்லை. ஸ்க்ரூவைக் கழற்றிப் பெரிய ஃபின்னைப் பின்னால் தள்ளி முடுக்கினேன். ரோஸி பலகையை வாங்கிக்கொண்டு போனாள். இந்தத் தடவை நின்றாள். இடப்பக்கம் திரும்பினாள். மறுபடி வலப்பக்கம் வந்து, இன்னொரு தரம் இடப்பக்கம் திரும்பி, கரைக்குக் கிட்டே வந்து தொப்பென்று விழுந்தாள். நான் ஓடினேன். தண்ணீரிலிருந்து தலையைத் தூக்கிச் சிரித்தாள்: "இதுவரைக்கும் பலகைதான் தள்ளி வுட்டுச்சு. இது நானா விழுந்தது, அக்கா!"

நான் அழுதேன், அவளும் அழுதாள். அண்ணன் எங்களைப் பார்க்காமல் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, சாக்குகளை ஓரம் தள்ளி வண்டியில் இடம் பண்ணினார். திரும்பும் வழியில் விருத்தாசலம் தாண்டியதும் ரோட்டைப் பார்த்தபடியே சொன்னார்: "கெடங்குல பாதிதான் உனக்கு. அதுக்கு மேல ஒரு அடி கேட்டீன்னா எனக்குக் கெட்ட கோவம் வரும்."

வயலே இல்லாத சென்னையில் அரிசி விற்கிறவரை யாரும் பைத்தியம் என்று சொல்வதில்லை என்பதால், நானும் குரும்பலூரைவிட்டு நகர்வதாக இல்லை.