அரை டொக்டர் பிரியந்தி

அந்த வருடம் பிரியந்திக்குத் தெரிந்தவர்களில் பாதிப்பேரைக் கண்ணிலும் காட்டக்கூடாது. மற்றப் பாதியோடு அவள் இன்னும் வேலை செய்யவில்லை, அவ்வளவுதான்.

குடும்ப மருத்துவத்தையும் மனநல மருத்துவத்தையும் சேர்த்துப் படிக்கும் பயிற்சியில் அது கடைசி வருடம். டவுன்டவுன் ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவில் அவளைச் சளிக்கு மருந்து எழுதுகிறவளாகப் பார்த்தார்கள். நோத்ர-டாம்-த-கிரேஸ் குடும்ப மருத்துவக் கிளினிக்கிலோ, அழுகிற நோயாளி யார் வந்தாலும் அவளுடைய அறைக்குத் தள்ளிவிட்டுக் கோப்பி குடிக்கப் போனார்கள். இரண்டு பக்கத்துக்கும் அவள் அரை டொக்டர். அவளுடைய கணக்கில் அவர்கள் கால்வாசிக்கும் தேறாதவர்கள்.

இவர்களையும் மிஞ்சியவர் தியாகராசா. டோர்வல் விமான நிலையத்தில் பயணிகளுக்குச் சாப்பாடு கட்டும் வேலையிலிருந்து ஓய்வுபெற்று, கோயில் தலைவராகி, ஊர்ச்சனத்தை மேய்க்கும் பொறுப்பைத் தானாகவே எடுத்துக்கொண்டவர். ஒரு கல்யாண மண்டபத்தில் பிரியந்தியின் அம்மாவுக்கு முன்னாலேயே சொன்னார்:

"இவ்வளவு படிச்சுப்போட்டு விசருகளோட இருக்கப்போறாளாம். எந்த மாப்பிள்ளை வருவான்?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பதில் சொல்லுமளவுக்கு அந்த ஆளைப் பிரியந்தி மதிக்கவில்லை.

நவம்பரில் அதே ஆள் கிளினிக்குக்கு வந்தார். கதவைச் சாத்திவிட்டு, சாத்தியிருக்கிறதுதானா என்று திரும்பிப் பார்த்தார்.

"பிறசர் பாக்க வந்தனான், பிள்ளை. வேற ஒண்டுமில்லை."

பிறசர் நன்றாகவே இருந்தது. சொன்னாள். அவர் எழும்பவில்லை.

"மெற்றோ சுரங்கத்துக்குள்ள போகேக்க நெஞ்சு அடிக்குது. மூச்சு நிக்குது. செத்துப்போடுவன் போல கிடக்கு. இப்ப ஏறுறதையே விட்டிட்டன்."

பிரியந்திக்குள் ஒரு சந்தோஷம் எட்டிப் பார்த்தது. 'அப்ப ஆர் அங்கிள் விசர்?' என்ற கேள்வி நாக்கின் நுனிவரை வந்தது. கேட்கவில்லை. இரக்கப்பட்டு அல்ல, அந்த ஆளின் தரத்துக்கு இறங்க மனமில்லாமல்.

இதயத்தையும் இரத்தத்தையும் சோதித்தாள். குறையில்லை. மேற்பார்வை டொக்டர் முடிவுகளை மேலோட்டமாகப் பார்த்து, பிரெஞ்சில் சொன்னார்:

"உங்கள் ஆட்களுக்கு மனதைச் சொல்லத் தெரியாது, உடம்பைத்தான் சொல்வார்கள். நித்திரைக் குளிசை கொடுத்து அனுப்பு."

"அவர் சொல்லத்தான் செய்கிறார். நீங்கள்தான் கேட்கவில்லை," என்றாள் அவளும் பிரெஞ்சில். அவர் முகம் கறுத்தது. பணிவு போதாது என்று பிறகு அவளைப் பற்றி எழுதிவைத்தார். அந்தக் கருத்துக்கு அவள் கொடுத்த மதிப்பு, அவருடைய கழுத்துப்பட்டிக்குக் கொடுத்ததைவிடக் குறைவு.

அடுத்த முறை தியாகராசாவிடம் கேட்டாள்: "சுரங்கம் இருட்டேக்க என்ன ஞாபகம் வருது?"

அவர் மறுபடியும் கதவைத் திரும்பிப் பார்த்தார்.

"சண்டைநேரம் ஒளிச்சிருந்த பங்கர். ஷெல் விழுந்து மண் மூடிப்போச்சு. நான் வெளியில வந்திட்டன். தம்பி வரேல்லை." முகத்தைக் கையால் பொத்தினார். "நல்லம்மாவுக்கே சொன்னதில்லை, பிள்ளை."

கல்யாணம் கட்டி முப்பது வருடத்துக்கு மேல், மனைவிக்கும் சொல்லாத கதை. பிரியந்தியால் அந்த ஆளை அந்தக் கணம் வெறுக்க முடியவில்லை. அது அவளுக்கு எரிச்சலாகவும் இருந்தது.

"இதுக்கு வைத்தியம் இருக்கு, அங்கிள். மாறும்."

"ஆருக்கும் சொல்லமாட்டியள்தானே?"

"சொல்ல எனக்கு அனுமதியில்லை."

பனிக்காலம் முழுக்க வந்தார். மருந்து, கதை, பிறகு மெற்றோவில் ஒரு ஸ்டேஷன், இரண்டு ஸ்டேஷன். மே மாதம் டவுன்டவுன்வரை தனியே போய்த் திரும்பினார்.

பயிற்சி முடிந்ததும் கோயிலில் பிரியந்திக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். மைக்கைப் பிடித்தவர் தியாகராசாதான். "எங்கட பிள்ளை இப்ப குடும்ப டொக்டர்!" அதோடு நிறுத்திக்கொண்டார். மற்றதை விழுங்கிவிட்டார்.

பிரியந்தி மைக்கை வாங்கினாள். "மனநல டொக்டரும்தான். உங்களில சிலபேர் ஏற்கெனவே வருகினம். மற்றவையும் ஒளியாமல் வாங்கோ."

சனம் ஒருவரையொருவர் பார்த்தது. தியாகராசாவின் முகத்தில் இரத்தமில்லை. அவள் அவர் பக்கம் திரும்பவேயில்லை.

சாப்பாட்டு வரிசையில் அவர் மெதுவாக வந்து நின்றார். திட்டத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தாள்.

"செவ்வாய்க்கிழமை நல்லம்மாவையும் கூட்டிக்கொண்டு வரட்டோ? தம்பியின்ர கதையை அவவுக்கும் சொல்லவேணும். தனியச் சொல்ல எனக்குப் பயம்."

"வாங்கோ அங்கிள்," என்றாள் பிரியந்தி.